தண்ணீர் இல்லாவிட்டாலும் அது வில்லுதான்

மகாவலி நீரைப் பங்கிடும் பொறுப்பிலும், ஆற்றுச் சமவெளிக் காணிகளை ஒதுக்கும் பொறுப்பிலும் இருக்கும் அதிகாரிகளுக்கு,

கடந்த மாதம் எங்கள் மலைநகரத்தில் நீங்கள் நடத்திய கலந்துரையாடலில், பின்வரிசையிலிருந்து எழுந்து முதலையைப் பற்றிக் கேட்டவள் நான்தான். மண்டபமே சிரித்தது. "டீச்சர், இது மலைநாடு. இங்கே அட்டை இருக்கிறது, முதலை இல்லை" என்று உங்களில் ஒருவர் சொன்னார். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு கூட்டக் குறிப்பு வந்தது. தேநீர் இடைவேளை எத்தனை மணிக்கு விடப்பட்டது என்பதுகூட அதில் இருக்கிறது. என் கேள்வி இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்டது இதைத்தான்: நீங்கள் நிரப்பப்போகும் நிலத்தில் முட்டையிடும் முதலை எங்கே போகும்? திரையில் நீங்கள் காட்டிய வரைபடத்தில், மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றின் பக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு துண்டுக்கு 'பயன்பாடற்ற தரிசு' என்று பெயரிட்டிருந்தீர்கள். நிரப்பி, மட்டப்படுத்தி, பங்கிடலாம் என்று கீழே குறிப்பு. அளவை நடந்தது ஓகஸ்ட் மாதம் என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அந்தத் துண்டில் முப்பது வருடமாக என் கால் பட்டிருக்கிறது. அது தரிசு இல்லை, வில்லு; ஆற்று வெள்ளம் ஏறித் தேங்கும் தாழ்நிலம். ஓகஸ்டில் போய் வில்லை அளந்தால் அப்படித்தான் தெரியும்.

என் அக்கா ஆசிரியர் நியமனம் பெற்றுத் திருகோணமலை மாவட்டத்துக்குப் போய், அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். போர் மறித்த ஆண்டுகள் போக, வெருகல் முருகன் கோயில் ஆவணித் திருவிழாவுக்கு நான் அங்கே போகாத ஆண்டு குறைவு. இங்கே எங்கள் லயத்துப் பீலியில் வழிந்தோடும் தண்ணீர் கொத்மலைக்குப் போகிறது. பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே, மினிப்பே என்று அணை அணையாக உங்கள் கைகள் பலவற்றைத் தாண்டி, மிச்சம் மீதி அக்கா வீட்டு வாசலுக்கு வருகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் ஆற்றின் தலையில் நானும் காலில் அவளும் இருக்கிறோம். முதலைக்கும் மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

வில்லு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் அளவைத் தாளுக்குத்தான் யாராவது சொல்லித்தர வேண்டும். மார்கழியில் ஆறு கரை மீறும்போது தண்ணீர் பக்கத்துத் தாழ்நிலத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆறு இறங்கிய பின்னும் அது இறங்காது. தை, மாசியில் தாமரை. பங்குனிக்கு மேல் ஓரம் வற்ற வற்றப் புல். ஆடியில் பட்டி மாடுகள் நடுப்பகுதிவரை மேயும். ஆவணியில் நடுவே ஒரு கலங்கல் குட்டை மிஞ்சும், சில ஆண்டுகளில் அதுவும் இராது. பார்க்கிறவருக்கு வெடித்த சேறு. அந்த வெடித்த சேற்றை நம்பித்தான் முதலை முட்டையிடுகிறது.

நான் அதை முதன்முதலில் கண்டது ஒரு திருவிழாக் காலையில். அத்தான் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால். வில்லின் மேட்டுச் சரிவில் ஓரிடத்தில் நின்று, "மச்சாள், அங்கேயே நில்லுங்கள்" என்று கையைக் காட்டினார். சருகெல்லாம் ஒதுங்கி, யாரோ விளக்குமாற்றால் கூட்டியதுபோல் வெறும் தரை. நடுவில் மட்டும் கிளறி மூடிய மண்கட்டிகள். அங்கிருந்து குட்டைவரை, ஈரக் கயிற்றை இழுத்துப்போனதுபோல் நேராக ஒரு கோடு. அது வயிறு இழுபட்ட தடம். இருபக்கமும் நகம் பதிந்த குழிகள். குட்டையில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கு நுனியும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. "மழைக்குக் காத்துக்கொண்டு கிடக்கிறது" என்றார் அத்தான். நான் அதை மீனவர்களின் பேச்சழகு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வாசித்துப் பார்த்தபோது, அது அப்படியே உண்மை என்று தெரிந்தது.

வில்லுகளிலும் குளங்களிலும் வாழும் சதுப்பு முதலை, வறண்ட காலத்தில் தரையில் குழி தோண்டி முட்டையிடும் இனம். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 முட்டை. 55 முதல் 75 நாளில் பொரிக்கும். வறண்ட மாதங்களில் இட்டால்தான் குழிக்குள் தண்ணீர் ஏறாது. ஓட்டின் நுண்துளைகளால் மூச்சுவிடும் முட்டை தண்ணீருக்குள் கிடந்தால் உள்ளே குஞ்சு திணறிச் செத்துப்போகும். ஆகவே இடும்போது வறட்சி வேண்டும். ஆனால் பொரிக்கும்போது மழை வேண்டும். ஒரு முழங்கூட இல்லாத குஞ்சு பூச்சியும் தவளைக்குஞ்சும் மீன்பொடியும் தின்று வளர வேண்டும், கொக்குக்கும் கபரகொய்யா என்னும் நீருடும்புக்கும் தப்பப் புல்லும் பன்னும் மண்டிய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். புதுத் தண்ணீர் ஏறிய வில்லில் இத்தனையும் ஒரே வாரத்தில் கூடிவிடும். வற்றுவதும் நிறைவதும் அதற்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

கடலை நெருங்கிய உவர்நீர் முதலையின் கணக்கு வேறு. அது ஈரப் பருவத்தில் புல்லையும் இலைதழையையும் குவித்து மேடு கட்டி, அதற்குள் இடும். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தே உயரத்தில் வைக்கிறது. அப்படியும் வெள்ளம் மிஞ்சினால் முட்டை போய்விடும். ஒரே ஆற்றில் இரண்டு இனம், இரண்டு பஞ்சாங்கம். உங்கள் நீர்ப்பங்கீட்டுத் திட்டத்தில் நெல்லுக்குச் சிறுபோகம், பெரும்போகம் என்று இரண்டு இருக்கிறதே, அதுபோலத்தான்.

சூட்டையும் சொல்ல வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது கூட்டின் வெப்பம். சதுப்பு முதலையில் 31 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெண் குஞ்சுகள், 32.5 பாகையளவில் ஆண்கள். ஒன்றரைப் பாகைதான் வித்தியாசம். எந்தச் சரிவில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நிழலில் தோண்டுவது என்று அந்த விலங்கு இடம் பார்ப்பது சும்மா இல்லை. நாம் லொறி லொறியாக வேற்று மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினால், மறைவது ஒரு மேடு மட்டுமில்லை.

அக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த ஆண்டில், திருவிழா முடிந்தும் நான் ஐப்பசிவரை அங்கே தங்கினேன். மூன்று இரவு விடாமல் மழை. நாலாம் நாள் காலை அத்தான் வந்து கூப்பிட்டார். தூரத்திலிருந்தே கேட்டது: கோழிக்குஞ்சுகளைச் சாக்குக்குள் கட்டிவைத்ததுபோல மண்ணுக்குள்ளிருந்து ஒரு கத்தல். தாய் முன்னங்காலால் மண்ணை வாரி வாரிப் பின்னால் தள்ளியது. பிறகு தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொன்றாய் வாய்க்குள் எடுத்தது. வாய் மூடினாலும் பல் வெளியே தெரியும் அதே வாய்தான். தண்ணீருக்குள் இறங்கி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் திறந்தது. குஞ்சுகள் நீந்தி வெளியே வந்தன. அத்தான் வலையை விரிக்கவேயில்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளோடு மாரடித்தவள் நான், அன்று எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்தச் சரிவு இப்போது இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் பெக்கோ இயந்திரம் வந்து வில்லின் கிழக்குப் பாதியை மேடாக்கியது. நடுவே ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை அணையாகப் போட்டார்கள். அடுத்த ஆவணியில் தாய் வந்து தேடியிருக்கும் போல. பழைய இடம் கிடைக்காமல் புதிய வாய்க்கால் அணையிலேயே குழி தோண்டிவிட்டது. நாலு வீட்டுப் பெண்கள் குளிக்கிற படியிலிருந்து இருபது அடிகூட இருக்காது. கூட்டுக்குக் காவல் கிடக்கும் முதலை, வாளியோடு இறங்குகிறவளைச் சும்மா விடுமா? ஒரு பெண் வாளியை எறிந்துவிட்டு ஓடித் தப்பினாள். அன்றிரவே பையன்கள் தீப்பந்தத்தோடு போய்க் கூட்டைக் கிளறிவிட்டார்கள்.

விடிந்ததும் போனேன். அணைமேல் இருபத்தேழு முட்டைகள் சிதறிக் கிடந்தன, எண்ணிப் பார்த்தேன். உடைந்த ஒன்றில் விரல் நீளத்தில், கண் மூடிய, வால் சுருண்ட உருவம். எறும்பு ஏறிவிட்டது. அந்தப் பையன்களை நான் குறை சொல்லமாட்டேன், என் பெறாமகனும் அவர்களில் ஒருவன். அக்காள் தங்கை குளிக்கிற படிக்கு முதலையைக் கொண்டுவந்து விட்டது அவர்கள் இல்லை. ஒரு வாரத்தில் தாயையும் வலைபோட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருப்பீர்கள். அவுஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளைப் பிடித்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள், அவை கரையோரமாக நீந்திப் பழைய இடத்துக்கே திரும்பின. முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்று நம் பாட்டிமார் சொன்னது பிடியைப் பற்றி. இடத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. மலைநாட்டுக் கதைதான், நீங்கள் சிரிக்க வேண்டாம்.

கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய கடதொர விகாரையின் இடிந்த சுவர்கள் வெளியே தெரியும். பார்க்கப் போவோம். அப்படி ஒரு கடும் வறட்சியில், என் பழைய மாணவர்களின் அப்பாமார் சிலர், வெளிப்பட்ட வண்டலில் போஞ்சியும் முள்ளங்கியும் போட்டார்கள். உரமே வேண்டாத மண். போஞ்சிக்கொடி கம்பைப் பிடிக்கும் முன்பே ஜீப் வந்துவிட்டது. இறங்கிய அதிகாரி எல்லைக்கல்லைக் காட்டி, "தண்ணீர் இல்லாவிட்டாலும் இது நீர்த்தேக்கம்தான்" என்றார். கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர், "ஐயா, தண்ணீர் எங்கே?" என்று கேட்டார். "வரும்" என்றார் அதிகாரி. அன்று மாலையே கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

எனக்கு அன்று வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த அதிகாரி சொன்னது சரி. வருடத்தில் சில மாதம் வெறுமையாகக் கிடப்பதால் அந்த நிலம் நீருக்குச் சொந்தமில்லாமல் போய்விடாது. நான் உங்களிடம் கேட்பது, உங்கள் அணைக்குப் பின்னால் இருக்கும் சேற்றுக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையை, ஆறு தானாகக் கட்டிய நீர்த்தேக்கத்தின் சேற்றுக்கும் கொடுங்கள் என்பதை மட்டுமே. வில்லுக்கு எல்லைக்கல் இல்லை. அதனால் அது தரிசு ஆகிவிடுமா?

காணி கேட்பவர்களுக்கு எதிராக எழுதுவது எனக்குக் கூசுகிறது. இருநூறு வருடம் கோப்பியும் தேயிலையும் பறித்தும் சொந்தமாக ஒரு துண்டுக் காணிக்கு வரிசையில் நிற்கும் சமூகத்திலிருந்து எழுதுகிறேன். ஆகவே இதையும் சேர்த்தே சொல்கிறேன்: வில்லை மேடாக்கி ஏழைக்குக் கொடுத்தால், மார்கழியில் ஆறு தன் இடத்தைத் தேடி அவன் அடுப்படிக்கு வரும். அப்போது நிவாரணப் பொதி கட்டுகிறவர்களும் நீங்கள்தான். ஏழைக்குக் கொடுக்கிற காணி, ஆறு வராத காணியாக இருக்கட்டும்.

தண்ணீர் விடயத்திலும் ஒரு பங்கு உங்களுடையது. 1980களின் நடுப்பகுதியில் கொத்மலையும் விக்டோரியாவும் நிரம்பத் தொடங்கியதிலிருந்து, ஆறு பழையபடி பெருகுவதில்லை என்று அத்தான் சொல்வார். மாரிக்காலத்தின் பெருவெள்ளத்தைத் தேக்குவதற்காகத்தானே அணை கட்டினீர்கள், அது வேலை செய்கிறது. வெளிச்சமும் வயலுக்குத் தண்ணீரும் அதனால் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஆறு கரை மீறாத ஆண்டில் வில்லு நிறையாது. நிறையாத வில்லின் ஓரத்திலிருந்து செடியும் மரமும் உள்ளே இறங்கும். பிறகு அதை அளக்க வருகிறவர் 'பற்றைக் காணி' என்று எழுதுவார். முதலில் தண்ணீரை நிறுத்துகிறோம், பிறகு தண்ணீர் இல்லை என்று காரணம் காட்டி நிலத்தை எடுக்கிறோம்.

தண்ணீரை மனிதர் திறந்து மூடும் இடத்தில் முதலைக் கூட்டுக்கு என்ன நடக்கும் என்பதற்கு, அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நல்ல பாடம். அங்கே அலிகேட்டர் என்னும் முதலை இனம் கோடையின் தொடக்கத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டின் உயரத்தை வைத்துக்கொள்ளும். மழை மட்டும் நீரை ஏற்றிய காலத்தில் அந்தக் கணிப்புப் பெரும்பாலும் பலித்தது. வாய்க்காலும் கதவும் வந்த பிறகு, கூடு கட்டி முடித்த பின் நீரைத் திறந்துவிட்ட ஆண்டுகளில் முட்டைகள் மூழ்கின. விலங்கின் கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கில் உங்களைப் போன்றவர்கள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் வான்கதவு திறந்தால் கீழே இருக்கும் ஊர்களுக்குச் சைரன் ஒலிக்கிறது. (அறிவித்தல் பலகையில் தமிழும் இருந்தால் நன்றாக இருக்கும், அது வேறு மடல்.) கூட்டில் கிடக்கும் முட்டைக்குச் சைரன் ஊதிப் பயனில்லை. மாதத்தைப் பார்த்துத் திறப்பது ஒன்றுதான் வழி.

சட்டத்தையும் பார்த்துவிட்டேன். முதலை நம் நாட்டில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட உயிர். 1990இல் இலங்கை இணைந்த ராம்சார் உடன்படிக்கை, ஈரநிலம் என்பதற்கு வரைவிலக்கணம் சொல்லும்போது, நீர் நிரந்தரமாக இருந்தாலும் தற்காலிகமாக இருந்தாலும் அது ஈரநிலமே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மகாவலித் திட்டத்தால் இடமிழந்த காட்டுயிர்களுக்காக 1984இல் இதே ஆற்றோரத்தில் ஒரு தேசியப் பூங்காவை அறிவித்து, அதற்கு 'வெள்ளச் சமவெளி' என்றே பெயரும் வைத்தோம். வெள்ளத்தின் பெயரில் பூங்கா வைத்திருக்கும் நாட்டில், பூங்கா எல்லைக்கு வெளியே அதே வெள்ளம் உட்காரும் நிலம் தரிசு ஆவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே என் கோரிக்கைகளை எழுதிவைக்கிறேன், இந்தத் தடவை குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வில்லை நிரப்பும் வேலையை உடனே நிறுத்தி, மிஞ்சியிருக்கும் மேற்குப் பாதிக்கும் அதன் மேட்டுச் சரிவுக்கும் நீர்த்தேக்கத்துக்கு நடுவதுபோலவே எல்லைக்கல் நடுங்கள். சரிவை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் கல் நட்டால் பயனில்லை, கூடு இருப்பது சரிவில். வரைபடத்தில் 'பயன்பாடற்ற தரிசு' என்று குறித்த மற்றத் துண்டுகளையும் மாரிக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் பங்கிடாதீர்கள். காணி வாக்களிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வெள்ளம் ஏறாத இடத்தில் மாற்றுக் காணி கொடுங்கள். அவர்களைக் காத்திருக்க வைத்து எங்கள்மேல் பழி போடாதீர்கள்.

முட்டை மண்ணில் கிடக்கும் வறண்ட மாதங்களில் கீழாற்றில் நீர்மட்டம் திடீரென்று ஏறும்படி திறக்காதீர்கள். திறக்க வேண்டி வந்தால் படிப்படியாகத் திறவுங்கள். வடகீழ்ப் பருவ மழையில் நீர்த்தேக்கங்களில் கையிருப்பு இருக்கும் ஆண்டில், வில்லுகள் நிறையும் அளவுக்கு ஆற்றை ஒருமுறை பெருகவிடுங்கள். எப்போது, எவ்வளவு என்பதைக் கீழாற்று மீனவர்களோடும் பட்டிக்காரர்களோடும் உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். அந்த அட்டவணையைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

குளிக்கும் படிகளுக்கு முதலை வேலி அடித்துக் கொடுங்கள். தென்பகுதி ஆறுகளில் பார்த்திருப்பீர்கள், தண்ணீருக்குள் கம்பு நட்டு வளைத்த அடைப்பு. பெரிய செலவு இல்லை. பெண்களும் பிழைப்பார்கள், முதலையும் பிழைக்கும். கூடு கண்டால் யாரிடம் சொல்வது என்று ஒரு தொலைபேசி எண்ணைத் தமிழில் எழுதி ஊர்ச்சந்தியில் மாட்டுங்கள். பையன்கள் அன்றிரவு யாரையாவது கூப்பிட நினைத்திருந்தாலும் அவர்களிடம் எண் இல்லை.

கடைசியாக, அந்த ஓகஸ்ட் அளவையை இரத்துச் செய்து, வருகிற மார்கழியில் மறுபடி அளக்க வாருங்கள். நடந்து வர முடியாது, தோணி வேண்டும். அத்தானிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே வசிக்கும்
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை